அறிமுகமும் அறமும்

உத்தியோகம் தேடும் பட்டதாரிக்குத் தகுதி மட்டும் போதுமா, அறிமுகமும் வேண்டுமா என்னும் வினா வன்னியிலே பிழைப்பைப் பற்றிய வினா மட்டுமன்று, அறவினாவுமாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும் பட்டத்திலிருந்து பதவிக்குச் செல்லும் வழி, அறிந்தவர் துணையின்றி எளிதிற் புலப்படுவதில்லை.

2009இல் முடிவுற்ற போர் வீடுகளை மட்டுமன்றி அயல், உறவு, தொழில் என்னும் பிணைப்புகளையும் சிதைத்தது. அவற்றை இழந்த குடும்பத்தின் முதற் பட்டதாரியிடம் 'தகுதி இருந்தாற் போதும்' என்பது நீதிபோலத் தோன்றும் அநீதியாகும்.

எனினும் தொடர்பு வேறு, செல்வாக்கு வேறு. வெற்றிடம் உண்டென அறிவிப்பதும், ஒருவரது ஆற்றலை உள்ளவாறு எடுத்துரைப்பதும் தொடர்பு. தகுதியுடையவரை விலக்கித் தம்மவரை அமர்த்துவது செல்வாக்கு. முன்னதை மறைக்க வேண்டியதில்லை. பின்னது மறைவின்றி நடவாது.

இரணைமடுக் குளம் நிறைந்திருந்தாலும், வாய்க்காலின் தலைப்பில் வயலுடையவர் நீரை மறித்தால் கடைவயல் கருகும். முதலில் உத்தியோகம் பெற்ற பட்டதாரியும் தலைப்பில் நிற்பவரே. தாம் அறிந்த வழியைப் பின்வருவோர் அனைவர்க்கும் திறந்துவிடுதல் அவர் செய்யும் உபகாரமன்று, அவரது கடன்.