கப்பற் பயணமும் பற்றுக் கணக்கும்

நம் வணிகப் பெருமக்களுள் பலர் இப்பொழுது பள்ளி விடுமுறைகளில் மனைவி மக்களுடன் உல்லாசக் கப்பலேறி, மூன்று நான்கு நாட்களைக் கடலில் கழித்துவிட்டு வருகின்றனர். சிங்கப்பூரில் 2012இல் மரினா பே கப்பல் நிலையம் திறக்கப்பட்டது. பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் பூக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் இத்தகைய பயணம் இன்று நடுத்தர வியாபாரிக்கும் எட்டக்கூடியதாகிவிட்டது. ஆண்டு முழுதும் கல்லாப் பெட்டியை விட்டு எழுந்திராத மனிதர் சில நாள் கடற்காற்று வாங்குவதில் நமக்கு மாற்றுக் கருத்து ஒன்றுமில்லை. நாம் இங்கே ஆராயப் புகுவது வேறு. அரைக் காசு இலாபத்துக்கும் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், நான்கே நாளில் தம் கணக்கைத் தவறவிடுவது எப்படி? தவறிய கணக்கைச் சரிக்கட்ட வேண்டுமென்று கடைசி இரவில் தோன்றும்போது, அவர் எவருடைய பங்கில் கை வைக்கிறார்? முதற் கேள்வி சாமர்த்தியத்தைப் பற்றியது. இரண்டாவது அறத்தைப் பற்றியது. முதலாவதைக் கவனியாதவர் இரண்டாவதில் வந்து இடறுகிறார் என்பது நம் துணிபு.

கப்பலில் ஏறியதும் பயணிக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுவே. காப்பிக்கும் குளிர்பானத்துக்கும் கடைச் சாமானுக்கும் பணமாக நிற்பதும் அதுவே. பெரும்பாலான கப்பல்களில் கடைக்குக் கடை ரொக்கம் நீட்டும் வழக்கம் இல்லை. ஏறும்போதே கடன்பற்று அட்டையைப் பதிந்து கொள்வர். அது இல்லாதவர் முன்பணம் கட்டி வைப்பார். பிறகு நடப்பதெல்லாம் பேரேட்டில் எழுதும் வேலைதான். பேரேடு இருப்பது கப்பற்காரரிடம்.

இதை நம் தொழில் வழக்கிற் சொல்வதானால், கடை வைத்துப் பிறருக்குப் பற்று எழுதிய மனிதர் அங்கே தாமே பற்றுக்காரர் ஆகிவிடுகிறார். மளிகைக் கடை நடத்திய எவருக்கும் ஒரு செய்தி தெரியும். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர் விலை கேட்பார், எடை பார்ப்பார், கையில் உள்ளது போதாதென்றால் பாதிச் சாமானைத் திருப்பி வைப்பார். பற்றில் வாங்குகிறவரோ பையனைச் சீட்டுக் கொடுத்து அனுப்புவார். பையன் விலை கேட்க மாட்டான். மாதக் கடைசியில் தொகையைக் கண்டு, "இவ்வளவா?" என்று கேட்பார். சிட்டையைப் பிரித்துக் காட்டினால் ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்கும்.

இது வெறும் கடைத்தெரு அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரேலெக், சிமெஸ்டர் என்னும் இருவர் இதைச் சோதித்துப் பார்த்து 2001இல் வெளியிட்டனர். கூடைப்பந்து ஆட்டத்துக்குரிய நுழைவுச் சீட்டை மாணவர்களிடம் ஏலத்துக்கு விட்டார்கள். ஒரு சாராரை ரொக்கமாகவும், மறு சாராரைக் கடன்பற்று அட்டையாலும் செலுத்த வேண்டுமென்றார்கள். அட்டைக்காரர் கேட்ட விலை ரொக்கக்காரர் கேட்டதைப் போல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. சீட்டு ஒன்றே, ஆட்டமும் ஒன்றே. பணம் கையை விட்டுப் போகும்போது மனத்தில் சுருக்கென்று ஒரு வலி உண்டாகிறது. அந்த வலிதான் நம்மைத் தடுத்து நிறுத்துவது. அட்டையை நீட்டும்போது அது தோன்றுவதில்லை.

நம் முன்னோர் ஏறி வந்த கப்பலில் இந்தத் தொல்லை இல்லை. 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரையில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிய ரஜூலாவில் தளத்துப் பயணியாக வந்தவருக்கு, சீட்டுக் காசைக் கட்டியதோடு பெரும்பாலும் கணக்கு முடிந்தது. பாயும் தகரப் பெட்டியுமாக வந்த அந்தப் பயணத்தை நாம் புகழ்ந்து பாட முற்படவில்லை. அதன் சிரமம் அதில் வந்தவர்களுக்குத் தெரியும். கணக்குப் பார்க்க எளிதாயிருந்தது என்று மட்டும் சொல்கிறோம்.

நிற்க. இவ்வளவும் கேட்ட சிலர், "அப்படியானால் கப்பற்காரர் நம்மை ஏமாற்றுகிறார்" என்று முடிவு கட்டிவிடுவர். அதற்கு நாம் உடன்படவில்லை. பெரிய கப்பல் நிறுவனங்கள் வெளியிடும் ஆண்டுக் கணக்கில் சீட்டு வருமானம் தனியாகவும், கப்பலில் நடக்கும் வியாபார வருமானம் தனியாகவும் காட்டப்படுகின்றன. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டாவது வகையிலிருந்து வருகிறது. சீட்டை மலிவாக விற்று, ஏறியவரிடம் மற்றதை விற்பது அவர்கள் முறை. சீனியைக் கொள்முதல் விலைக்கே கொடுத்து, வந்தவரிடம் மசாலையும் பிஸ்கட்டும் விற்பது நம் கடைத்தெருவில் இல்லாத தந்திரமா? பட்டியலில் விலை போட்டிருக்கிறது. எவரும் கையைப் பிடித்து வாங்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் விலையும் கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டுத் தொகை மட்டுமே கண்ணுக்குத் தெரிவதில்லை. கூட்டிப் பார்ப்பது வாங்குகிறவர் கடமை. வியாபாரியான ஒருவர் அதைச் செய்யவில்லையென்றால், பிறரைக் குறை கூற அவருக்கு நியாயம் போதாது.

ஆகவே கூட்டலைக் கரையிலேயே செய்துவிட வேண்டும். இதில் எந்த வரியை முதலில் எழுதுவது என்பது முக்கியம். சேவைக் கட்டணம் என்ற ஒன்றைப் பல கப்பல்களில் நாள்தோறும் தாமாகவே கணக்கில் ஏற்றுவர். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை இது போகும். பெரும்பாலும் குழந்தைகளுக்கும் உண்டு. 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு நான்கு இரவில் 288 டாலர். இதை மறந்துவிட்டு வரவு செலவுத் திட்டம் போடுகிறவர், கடை வாடகையை மறந்துவிட்டு இலாபம் கணக்கிடுகிறவரை ஒப்பார்.

அதன்பின் குடும்பத்தாருக்கு உண்மையிலே வேண்டியவை எவை என்று உட்கார்ந்து பேச வேண்டும். இணையத் தொடர்பு வேண்டுமா, எத்தனைக் கைப்பேசிக்கு? துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப் பார்க்கக் கப்பற்காரர் ஏற்பாடு செய்யும் வண்டி வேண்டுமா, நாமே வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாமா? பினாங்கில் உறவும் நட்பும் உள்ள நம்மவருக்கு இது பெரிய கேள்வியன்று. வேண்டியவற்றை முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிவிடுதல் நலம். மேற்சொன்ன பிரேலெக், லோவென்ஸ்டைன் என்பாருடன் சேர்ந்து 1998இல் எழுதிய ஆய்வில், விடுமுறைப் பயணத்துக்குப் பணத்தை முன்னதாகக் கட்டுவதையே பெரும்பாலோர் விரும்பியதாகக் கூறுகிறார். சலவை இயந்திரம் வாங்குவதென்றால் அதே மனிதர் பின்னால் கட்ட விரும்பினர். கட்டி முடித்த பயணத்தை மன உறுத்தல் இல்லாமல் அனுபவிக்கலாம் என்பது காரணம்.

சில்லறை விஷயங்களையும் இங்கே சொல்லி வைப்போம். பானம், தனிச் சிற்றுண்டிச்சாலை, உடற்பிடிப்பு இவற்றின் மேல் 18 அல்லது 20 விழுக்காடு கூடுதலாக ஏறுவது பல கப்பல்களில் வழக்கம். 10 டாலர் என்று பட்டியலில் கண்டது கணக்கில் 11 டாலர் 80 காசாக நிற்கும். வங்கிக் கணக்கிலிருந்து நேரே கழிக்கும் பற்று அட்டையைப் பதிந்தால், செலவழிக்காத தொகையும் சில நாள் முடக்கி வைக்கப்படலாம். கடைக்குக் கொள்முதல் செய்யும் கணக்கின் அட்டையை அங்கே நீட்டாதீர்கள். "உங்கள் ஊர் நாணயத்திலேயே கழித்துவிடலாமா?" என்று சில இடங்களில் கேட்பர். அதில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே இருக்கும். வரியில்லாக் கடையில் வாங்கியதற்கும் ஊரில் வரி உண்டு. 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே இருந்து திரும்பும் சிங்கப்பூர்வாசிக்கு 500 வெள்ளி வரையிலும், குறைந்த நேரமாயின் 100 வெள்ளி வரையிலுமே பொருள் சேவை வரியிலிருந்து விலக்கு. சூதாட்டக் கூடத்தைப் பற்றி நமக்குள் பேச்சே இல்லை. அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் வரி கிடையாது.

கடன்பற்று அட்டையை விட முன்பணம் கட்டும் முறையே நம்மவருக்குப் பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். கட்டிய தொகை தீர்ந்தால் கணக்கு நின்றுவிடும். மேலும் வேண்டுமென்றால் எழுந்து போய்ப் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்த வலி திரும்பி வந்துவிடும். பிள்ளைகள் அட்டையில் செலவு ஏறாதபடி தடுத்துவிடவும் விருந்தினர் சேவை மேசையில் சொல்லலாம். அன்றாடம் இரவு கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது, கடையடைத்ததும் கல்லா எண்ணும் பழக்கமுள்ளவர்க்கு ஒரு பாரமா?

இவ்வாறு கூறுவதால், எதற்கெடுத்தாலும் "வேண்டாம்" என்று தலையசைக்கும் குடும்பத் தலைவரை நாம் ஆதரிக்கிறோம் என்று எண்ணிவிட வேண்டாம். வீண் விரயத்தைக் கண்டிக்கும் நம் மார்க்கம் உலோபத்தையும் சேர்த்தே கண்டிக்கிறது. பேரக் குழந்தை பனிக்கூழ் கேட்டதற்கு விலைப் பட்டியலை ஓதுகிறவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இன்ன தொகை என்று முன்னமே ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அதன்பின் அது எப்படிப் போயிற்று என்று கேளாதிருப்பது மரியாதை. அந்த அம்மையார் அதைப் பட்டுத் துணிக்குச் செலவிட்டாலும், செலவிடாமல் முடிந்து வைத்தாலும், அது அவர் பணம்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

கடைசி இரவு கணக்கு வருகிறது. எண்ணியதை விட முந்நூறு டாலர் கூடுதல். குடித்த பானத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. போய் வந்த சுற்றுலாவையும் திருப்ப முடியாது. பல கப்பல்களில் ஒரே ஒரு வரியை மட்டும், மேசையில் சொன்னால் எடுத்துவிடுவார்கள். அது சேவைக் கட்டணம். உடனே வரிசையில் போய் நிற்கிறார் நம் நண்பர். 288 டாலர் மிச்சம். "சாமர்த்தியசாலி" என்று பக்கத்து அறைக்காரரும் மெச்சுகிறார்.

இதற்கு அவர்கள் சொல்லும் நியாயங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. இனாம் என்பது மனமுவந்து கொடுப்பது, கட்டாயமாக ஏற்றினால் அது இனாமாகாது என்பர். சொல்லளவில் சரி. ஊழியருக்குக் கூலி கொடுப்பது முதலாளி பொறுப்பு, பயணியின் பொறுப்பன்று என்பர். இதுவும் சரி, இந்தத் தொகையைச் சீட்டு விலையிலேயே சேர்த்துவிடுவது தான் நேர்மையான வியாபாரம் என்று நாமும் கருதுகிறோம். சில நிறுவனங்கள் அவ்வாறே செய்கின்றன. ஆயினும் முறை தவறு என்று கண்டவர், அந்த முறையை நம்பி வேலை செய்தவனிடமிருந்தா திருத்தத்தைத் தொடங்குவது? அறை துடைப்பவரும், பரிமாறுகிறவரும், கண்ணுக்குத் தெரியாமல் அடித்தளத்தில் துணி வெளுக்கிறவரும் பாத்திரம் கழுவுகிறவரும் இதில் பங்கு பெறுகின்றனர். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து பல மாத ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அவர்களில் மிகுதி. 2006இல் ஏற்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை நேரத்தை நாளொன்றுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி என்ற உச்ச வரம்புக்குள் நிறுத்துகிறது. வரம்பே அவ்வளவு என்றால் வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

"அறைப் பையனுக்கு நேரில் இருபது டாலர் கொடுத்துவிட்டேன்" என்பார் ஒருவர். நல்லது. பாத்திரம் கழுவியவனுக்கு யார் கொடுத்தார்?

நம் தொழிலிலேயே ஓர் உவமை உண்டு. சொந்தச் செலவு மிஞ்சிப்போன முதலாளி ஒருவர், அந்த மாதம் மூட்டை தூக்கினவர் கூலியில் பிடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டால், கடைத்தெருவில் அவரைச் சிக்கனக்காரர் என்றா சொல்வோம்? தம் விருப்பத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனம். பிறர் உழைப்பின் பயனைக் குறைத்து மிச்சம் பிடிப்பதற்கு நம் ஊர்ப் பேச்சில் வேறு பெயர் இருக்கிறது; அதை இங்கே அச்சிட வேண்டியதில்லை.

வேலை சரியில்லையென்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறை துப்புரவாக இல்லை, பரிமாறியவர் அவமரியாதை செய்தார் என்றால், அன்றைக்கே மேசையில் முறையிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்தவில்லையென்றால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்பது வழக்குக்கு உரிய விஷயமே. சரக்கு மட்டமென்று வந்தவுடன் திருப்பியனுப்புவதைப் போன்றது அது. முதல் நாள் தோன்றிய குறையா, கணக்கைக் கண்டபின் தோன்றிய குறையா என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டால் தெரியும். சரக்கை விற்றுத் தீர்த்தபின் மட்டம் என்று கடிதம் எழுதும் வாடிக்கைக்காரரை நாம் அனைவரும் ஒருமுறையேனும் சந்தித்திருக்கிறோம் அன்றோ?

சேவைக் கட்டணத்தைச் சீட்டுப் பணத்தோடு முன்னதாகவே கட்டிவிடும் வசதி பல நிறுவனங்களில் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு, சீட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகை கைக்கு மிஞ்சியதாகத் தோன்றினால், மாடமுள்ள அறைக்குப் பதிலாகச் சன்னலில்லாத உள்ளறையை எடுக்கலாம். அல்லது நான்கு இரவுக்குப் பதிலாக மூன்று இரவுப் பயணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மேலே கண்ட கணக்குப்படி, மூன்று இரவுக்கு ஊழியர் பங்கு 216 டாலர்.