சொந்த விமானம் கேட்கும் நேரம்

பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தது 1909 ஜூலையில். ஓராண்டு முடிவதற்குள், 1910 மார்ச்சில், நம் பல்லாவரத்தில் ஒரு விமானம் மேலே எழுந்தது. ஓட்டியவர் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த கோர்சிகாக்காரர் ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ். தானே திட்டம் போட்டு, கோச்சு வண்டி கட்டுவதில் பேர்பெற்ற சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்த விமானம் அது. பல்லாவரத்தில் பறந்து பார்த்தபின், தீவுத்திடலில் கட்டணம் வைத்து ஊருக்கே காட்டினார்.

பம்மலில் குடியிருக்கிற எனக்கு அந்த மனிதர்மேல் தீராத மரியாதை. ஓர் ஆசையை வாய்விட்டுச் சொன்னால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, ‘எதற்கு?’ என்பதுதான். பாட்டு கற்றால் மேடையேற வேண்டும், படம் வரைந்தால் விற்க வேண்டும். ஹோட்டல்காரருக்கு விமானம் எதற்கு என்று அன்றும் நாலு பேர் கேட்டிருப்பார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து விமானி ஆக முடியாமல் போனவர். 2006-ல் குடியரசுத் தலைவராக சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தபோது அவருக்கு வயது 74. ஆசை அவ்வளவு காலம் காத்துக் கிடக்கிறது.

சேலையூரில் என் நண்பர் ஒருவர், பிள்ளைகள் தலையெடுத்துவிட்ட இந்த வயதில், பழைய செஸ்னா 172 ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறார். விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர். ‘எதற்கு’ என்று நான் கேட்கவில்லை. ‘எப்போதெல்லாம் பறப்பீர்கள்?’ என்று கேட்டேன்.

சின்ன விமானத்தின் எஞ்சின் சும்மா நின்றால் கெட்டுப்போகும். உள்ளே சேரும் ஈரம், எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் ஆவியாகி வெளியேறும். நாள்கணக்கில் நின்றால் எண்ணெய்ப் படலம் வடிந்து, சிலிண்டர் சுவரிலும் கேம் ஷாஃப்டிலும் துரு ஏறும். முப்பது நாளைக்கு ஒரு தடவையாவது, எண்ணெய் உரிய சூட்டில் இருக்க, ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்கிறது எஞ்சின் செய்யும் லைகமிங் நிறுவனம். தரையில் நிறுத்தி உறுமவிட்டால் போதாது. உப்புக்காற்று வீசும் நம் பக்கத்தில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். மாடு வைத்திருப்பவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது; விமானம் வைத்திருப்பவர் நிலையும் அதுதான்.

மற்றவை பணத்தோடு முடிகிற விஷயங்கள். நூறு மணி நேரத்துக்கு ஒரு பரிசோதனை, சுமார் 2,000 மணி நேரத்தில் எஞ்சின் ஓவர்ஹால், ஆண்டுதோறும் பறக்கும் தகுதிக்கான மறுஆய்வு. மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் அவ்காஸ் என்ற தனி பெட்ரோல். அதை இந்தியன் ஆயில் தன் குஜராத் ஆலையில் செய்யத் தொடங்கியதே 2022-ல்தான், அதுவரை இறக்குமதி. தாம்பரம் ஓடுதளம் விமானப்படையுடையது, மீனம்பாக்கத்திலோ பயணிகள் விமானங்களுக்கே இடநெருக்கடி. ஆகவே நண்பர் தன் விமானத்தைக் கண்ணால் பார்க்கவே வெகுதூரம் போக வேண்டியிருக்கும். வசதி உள்ளவர் இவற்றையெல்லாம் ஆள் வைத்துச் சமாளிக்கலாம். பறப்பதற்கும் ஆள் வைத்துவிட்டால், பிறகு அது யாருடைய விமானம்?

மும்பையில் அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டைமாடியில் பல ஆண்டுகள் உழைத்து ஒரு விமானத்தைக் கட்டினார். அதற்குப் பதிவு கிடைத்தது 2017-ல். அந்தப் பதிவுக்கு வெகுகாலம் முன்பே அது அவருடையதாகிவிட்டது என்று நம்புகிறேன். அத்தனை மாலைகளை அதற்குக் கொடுத்திருக்கிறார்.

அவ்வளவு கொடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருந்தது. 1930 வாக்கிலேயே சென்னைக்கு ஒரு ஃப்ளையிங் கிளப் வந்துவிட்டது. 1958-ல் முதலில் பறந்த எச்.ஏ.எல்.லின் புஷ்பக், 1993-ல் பறந்த என்.ஏ.எல்.லின் ஹன்சா, இரண்டுமே இப்படிப்பட்ட கிளப்புகளுக்குப் போன விமானங்கள். பத்துப் பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் எஞ்சின் துருப்பிடிக்காது, செலவும் ஒருவர் தலையில் விழாது. விமானத்தைப் பொறுத்தவரை கூட்டுச் சொத்துதான் சரி என்பது என் முடிவு. தனக்கே தனக்கு என்று வாங்கி, கொட்டகையில் மூடிவைத்து, ஆண்டுக்கு ஒரு நாள் தூசி தட்டுவது அந்த இயந்திரத்துக்குச் செய்யும் அநியாயம்.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். முதலில் தனியார் விமானி உரிமத்துக்குச் சேருங்கள். அதற்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்தாக வேண்டும். அந்த நேரத்தை உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இன்னும் மூன்று பேரைத் தேடுவோம். பங்கு போட நானும் வருகிறேன்.