தண்டமும் வாய்மையும்

கொலைஞரை ஒறுத்தல் பயிர் காக்கக் களையெடுத்தல் போலும் என்பது திருவள்ளுவர் கருத்து. ஆயின், தண்டம் விதித்தும் அதனை நிறைவேற்றாது ஆண்டுகள் பல கழிப்பது நீதியாமோ என்பது சிந்திக்கற்பாலது.

அமெரிக்காவிலே கனெற்றிக்கற் மாநிலத்துச் செஷயர் என்னும் ஊரில், 2007 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இருவர் ஒரு வீட்டினுட் புகுந்து தலைவரை அடித்துக் கட்டினர். தலைவியை வங்கிக்குப் போக்கிப் பணம் எடுப்பித்துப் பின் கொன்றனர். வீட்டுக்குத் தீயிட, புதல்வியர் இருவரும் மாண்டனர். தலைவர் ஒருவரே உயிர் தப்பினார். கொலைஞர் அன்றே பிடிபட்டனர். ஒருவனுக்கு 2010 இலும் மற்றவனுக்கு 2012 இலும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2012 இலேயே அம்மாநிலம், இனி நிகழுங் குற்றங்களுக்கு அத்தண்டனையை ஒழித்தது. முன்னரே விதிக்கப்பெற்ற 11 பேரையும் 2015 இல் அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 4 நீதிபதிகளுக்கு 3 நீதிபதிகள் என்னும் பெரும்பான்மையால் மரணத்தினின்றும் நீக்கிற்று. அவ்விருவரும் ஆயுட்சிறை பெற்றனர். மனைவி மக்களை இழந்தவரோ, மரணதண்டனை நிலைத்தல் வேண்டுமென வாதாடியவர்.

இத்தாமதம் வீண் என்பார்க்குச் சிலப்பதிகாரமே விடை கூறும். ஆராயாது விதித்த பாண்டியன், கோவலன் உயிரை மீட்டிலன். தன் உயிரையே கொடுத்தான். போன உயிரை அரசன் மீட்கலாகாமையின், உயிர் கவருந் தீர்ப்பை மீண்டும் மீண்டும் ஆராய்தல் அவன் கடனேயாம். மேன்முறையீடு பழுதன்று.

பழுது யாதெனின், செய்யத் துணியாத ஒன்றைச் சொல்லுதலே. கனெற்றிக்கற்றில் 1960 இன் பின் ஒருவனே கொல்லப்பட்டான். 2005 இல் இறந்த அவனும் மேன்முறையீட்டைத் தானே கைவிட்டவன். நமது இலங்கையிலும் 1976 இன் பின் எவரும் தூக்கிலிடப்பட்டிலர். தீர்ப்போ இன்றும் சொல்லப்படுகின்றது. சொல்லளவில் நிற்குந் தண்டம் கொடியோனை அச்சுறுத்தாது. இழந்தோரையோ ஆண்டுதோறும் வாயிலிற் காக்கவைக்கும். விடுதலையில்லா ஆயுட்சிறை விதித்த நாளிலேயே தொடங்குவது. பிழை காணப்படின் திருத்தவும் வல்லது.

மெய்ப்பொருணாயனார், தம் அந்தப்புரத்திற் புகுந்து தம்மைக் குத்திய முத்தநாதனை இடையூறின்றிப் போகவிட்டாரன்றோ எனின், அது திருநீற்று வேடத்தை மெய்ப்பொருளெனக் கொண்ட அன்பு. தமக்குற்ற தீங்கைத் தாமே பொறுத்தது. பிறர்க்குற்ற தீங்கைப் பொறுத்தற்கு அரசுக்கு உரிமையில்லை. இழந்தவரை நோக்கி மன்னிக்க என்று கூறவும் நமக்கு உரிமையில்லை.

கொலைஞன் வினையால் இறக்கக் கடவன் ஆதலின் அரசு கொல்லலாம் என்பாருமுளர். வினைப்பயனை உயிர்க்கு ஊட்டுபவர் சிவபெருமான். அரசின் கடன் குடிகளைக் காத்தலே. அதற்குச் சிறை போதும்.

ஆசிரியன்மாரே, முத்தநாதன் கதையைக் கற்பிக்கும்போது மாணாக்கர் இவ்வினாவை எழுப்புவர். பொறுமை வேறு, நீதி வேறு என்பதையும், நீதிக்கும் வாய்மையே உயிர் என்பதையும் அவர்க்கு அறிவுறுத்துங்கள்.