மூடுவதா, துலக்குவதா?

குறையொன்று கண்டால் அதை மூடிவிடுவது எளிது. துலக்கிச் சீர்செய்வது அரிது. இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்பது அறநூல் ஆய்வோர்க்கு மட்டும் உரிய வினா அன்று. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அதன் அச்சிலுள்ள கிழிந்த ரப்பர் உறையை மாற்ற முற்படும் குடும்பத் தலைவரும் இவ்வினாவைச் சந்தித்தே தீர வேண்டும்.

அம்பாசடர் காரைப் பின்சக்கரங்கள் உந்தின. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னர், முன்சக்கரங்கள் இழுத்துச் செல்லும் கார்கள் நம் தெருக்களில் பெருகின. அம்முன்சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், மேடுபள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். இதற்காக ஒவ்வொரு புறத்து அச்சிலும் இரண்டு மூட்டுகள் அமைந்துள்ளன. வெளிமூட்டினுள் பெரும்பாலும் ஆறு எஃகு உருண்டைகள். அவற்றைச் சுற்றிலும் கிரீஸ். அந்தக் கிரீஸைக் காக்க மடிப்பு மடிப்பாய் ஓர் உறை. மெக்கானிக்குகள் அதனைப் 'பூட்' என்பர். உறையின் விலை சிறிது. அது காக்கும் மூட்டின் விலையோ பன்மடங்கு.

தூத்துக்குடிக் கரையில் அவ்வுறைக்குச் சோதனை மிகுதி. உப்பளக் காற்று கிளாம்பைத் துருவேற்றுகிறது. வெயில் ரப்பரை வெடிக்கச் செய்கிறது. துறைமுகச் சாலையின் புழுதியும் தேரிக்காட்டின் செம்மணலும் வெடிப்பு நோக்கிக் காத்திருக்கின்றன. கிரீஸ் சிதறி வெளியேற, மணலும் நீரும் உட்புகும். ஆயினும் அன்றே எதுவும் நேர்ந்துவிடாது. கார் வழக்கம்போல் ஓடும். காலம் சென்ற பின்னரே, வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என ஓசை எழும். பிழைக்கும் அதன் விளைவுக்கும் நடுவே கிடைக்கும் இந்த அவகாசந்தான் மனிதனை ஏமாற்றுகிறது.

வீட்டிலேயே இப்பணியைச் செய்வோர் உண்டு. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கார் தரையில் நிற்கும்போதே அச்சின் நடு நட்டைத் தளர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, அச்சைக் கழற்றி எடுப்பர். பழைய உறையை அறுத்தெறிந்ததும், மணல் கலந்து கறுத்த கிரீஸுடன் மூட்டு கையில் இருக்கும். சோதனை இங்கேதான். பார்ப்போர் எவருமில்லை. அப்படியே புதிய உறையை மாட்டிக் கிளாம்பை இறுக்கினால் வேலை அழகாய் முடிந்ததுபோல் தோன்றும். ஆனால், உள்ளே அடைபட்ட மணல் எஃகை அரைத்துக்கொண்டே இருக்கும். வெளியே பளபளக்கும் உறை, அழிவுக்குத் திரையாகிவிடும்.

முறையான வழி வேறு. மூட்டை மண்ணெண்ணெயில் கழுவி, ஈரமின்றி உலர்த்தி, ஒவ்வோர் உருண்டையையும் வெளிச்சத்தில் நோக்க வேண்டும். குழி விழுந்திருப்பின் மூட்டையே மாற்ற வேண்டும். நன்றாயிருப்பின் அதற்குரிய புதிய கிரீஸை நிரப்பிய பின்னரே உறையை மாட்ட வேண்டும். நடு நட்டையும் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை எழலாம். நம் கரை முத்துக் கரையன்றோ? 1961 வரை பரதவரும் முஸ்லிம்களும் மூழ்கியெடுத்த சிப்பிகள், தம்முள் புகுந்த அந்நியப் பொருளைப் படலம் படலமாய் மூடித்தானே முத்தாக்கின? மூடுதல் குற்றமெனில் முத்து ஏது?

நியாயமான கேள்விதான். சிப்பி உயிருள்ளது. வெளியிலிருந்து தனக்கு வந்த உறுத்தலை, தன் உடலில் சுரப்பதைக் கொண்டே அது மூடுகிறது. பிறர் நமக்கிழைத்த தீங்கைப் பொறுமையால் மூடுவதும் அத்தகையதே, அது முத்தாகும். நாம் பிறர்க்கிழைத்த தீங்கையோ, நம் கடமையில் நேர்ந்த குறையையோ மூடுவது அவ்வாறன்று. அது மணலின்மேல் உறை மாட்டுவதாகும். அதைக் கழுவாமல் மூடினால் தேய்மானமே மிஞ்சும்.

அக்காரை நாளை விற்க நேரலாம். வாங்குபவர் உறையைத்தான் காண்பார்; மூட்டைக் காண்பது அரிது. அவருடைய மனைவி மக்களும் அதில் பயணம் செய்வர். அவர் காணாத அந்த இடத்தின் உண்மை நம்மிடம் உள்ள அமானிதம். அதைச் சொல்லி விற்பதால் விலை குறையலாம். சொல்லாது விற்பதால் கூடும் பணம் நமக்குரியதன்று.

ஆகவே, ஆயில் மாற்றும்போதெல்லாம் முன்சக்கரத்தின் உட்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். கிரீஸ் தெறித்திருந்தால் ஓசை கேட்கும்வரை காத்திராதீர்கள். திறந்ததைக் கழுவாமல் மூடாதீர்கள். இவ்விதி காரின் அச்சுக்கு மட்டும் உரியதென்று யாரே சொல்வர்?