பாபிலோனில் தோட்டம், அனத்தோத்தில் காணி



விக்டோரியா தின நீண்ட வார இறுதி வந்துவிட்டது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உங்கள் வீட்டு யன்னலோரங்களில் மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் ஒரு சாண் உயரம் வளர்ந்து நிற்கின்றன. பனி கிடக்கும்போதே விதை போட்டு, வெயில் படும் பக்கமெல்லாம் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து வளர்த்த கன்றுகள். ஆனால் மழை விடுவதாக இல்லை. திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது பலர் என்னிடம் கேட்கிறீர்கள்: "ஃபாதர், இந்த மழைக்குள்ள நடலாமோ?"

அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். பின்வளவில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கைக்குள் இறுக்கிப் பாருங்கள். விரலால் தட்ட உதிர்ந்தால் நடலாம். உருண்டையாகவே இருந்தால் பொறுங்கள். இங்கே பல வளவுகளில் இருப்பது களிமண். ஈரத்தோடு மிதித்தாலும் கொத்தினாலும் இறுகிப்போகும், பிறகு கோடை முழுவதும் அந்த இறுக்கம் விடாது. வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். நீர் தேங்கிய குளிர்ந்த மண்ணில் வேர் அழுகிவிடும். கத்தரியும் மிளகாயும் வெப்பத்தில் வளர்ந்து பழகியவை. இரவில் 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் வாடி அப்படியே நின்றுவிடும். ஆகவே ஒரு கிழமை பிந்துவதால் நட்டமில்லை. அந்த நாள்களில் பாத்தியை உயர்த்தலாம், தண்ணீர் வடிய வழி வெட்டலாம், உக்கிய இலைகளைச் சேர்க்கலாம். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் பயிரிடுநரைப் பாருங்கள் என்று புனித யாக்கோபு தம் மடலில் எழுதும்போது, கையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை அவர் நினைத்திருக்கமாட்டார்.

மழையைப் பற்றி இணைச் சட்ட நூலின் 11ஆம் அதிகாரத்தில் ஒரு பகுதி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். எகிப்தில் நீங்கள் காய்கறித் தோட்டத்துக்குப் போல உங்கள் காலால் நீர் பாய்ச்சினீர்கள், நீங்கள் போகும் நாடோ வானத்து மழையைக் குடிக்கும் நாடு என்று மோசே மக்களுக்குச் சொல்கிறார். காலால் நீர் பாய்ச்சுவது என்னவென்று எங்கள் மூத்தோருக்குத் தெரியும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் கிணறுதான் தோட்டத்துக்கு உயிர். ஒருவர் துலா மிதிக்க, கீழே ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினார். அந்த உழைப்பின் பெருமை உங்கள் எலும்பில் இருக்கிறது. இப்போதோ இறைக்காத தண்ணீர், கேட்காத அளவில், எங்கள் கணக்குக்கு அடங்காத நேரத்தில் வருகிறது. எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் இந்த மழைக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், அவர் நாங்கள் இல்லை. தம் உழைப்பையே நம்பிப் பழகிய மக்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது, துலா மிதிப்பதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன்.

இன்றைய வாசகங்களில் இல்லாத ஒரு கடிதத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதியது, அவருடைய நூலின் 29ஆம் அதிகாரம். விரைவில், இரண்டே ஆண்டுகளில், எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற போலி இறைவாக்கினர் மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எரேமியா 70 ஆண்டு என்றார். வீடு கட்டுங்கள், அதில் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனை உண்ணுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலனுக்காக ஆண்டவரிடம் மன்றாடுங்கள் என்று எழுதினார். தங்களைச் சிறைப்பிடித்த நகருக்காக! அதைக் கேட்டவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்.

இங்கேயும் அந்த வலி இருக்கிறது. பல ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்தும் ஒரு செடி நடாத பெரியவர்களை நான் அறிவேன். சோம்பல் காரணமில்லை. இங்கே வேர்விட்டால் அங்கே கைவிட்டதாகிவிடுமோ என்ற பயம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். வெங்காயமும் மரக்கறியும் விளைந்த அந்தச் செம்மண் உயர்பாதுகாப்பு வலயமானது. சில காணிகள் மீண்டன, சில இன்னும் மீளவில்லை. விவிலியத்திலும் இப்படிப் பறிபோன ஒரு காணி இருக்கிறது. அரசர் ஆகாபு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது எதற்காக? அரண்மனைக்கு அருகில் தமக்கு ஒரு காய்கறித் தோட்டம் வேண்டும் என்பதற்காக. வேறொரு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்றார். மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தரமாட்டேன் என்று நாபோத்து மறுத்தார், அதற்காகக் கொல்லப்பட்டார். கடவுள் அதைப் பார்க்காமல் விடவில்லை, எலியாவை அனுப்பி அரசரின் முகத்துக்கு நேரே கேட்டார். ஆகவே உங்கள் காணிக்காக நீங்கள் அழுவதைக் குறையென்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

ஆனால் எரேமியாவின் மற்றச் செயலையும் பாருங்கள். 32ஆம் அதிகாரம். எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் படை நிற்கிறது. அவரோ காவல்கூட முற்றத்தில் கைதி. தந்தையின் சகோதரர் மகன் வந்து, சொந்த ஊரான அனத்தோத்தில் உள்ள நிலத்தை வாங்கும்படி கேட்கிறார். நாளை எதிரியின் கைக்குப் போகப்போகும் நிலம். எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, உறுதியில் முத்திரை இட்டு, அது நெடுநாள் கெடாமல் இருக்க மண்பானையில் வைக்கச் சொல்கிறார். பாபிலோனில் தோட்டம் போடுங்கள் என்று எழுதிய அதே மனிதர்தான் இவர். ஒன்றைச் செய்ததால் மற்றதை அவர் விட்டுவிடவில்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய காணி உறுதி பத்திரமாக இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே இங்கே கத்தரி நடுங்கள். ஆண்டவர் இரண்டையும் அறிவார்.

இன்னும் ஒரு காரியம். யன்னலோரத்தில் வளர்ந்த கன்றை ஒரேயடியாக வெளியே நட்டால் காற்றும் வெயிலும் அதைக் கருக்கிவிடும். முதல் நாள் சிறிது நேரம் நிழலில், பிறகு கொஞ்சம் கூட, இப்படி ஒரு கிழமைக்குமேல் பழக்கித்தான் நடுகிறீர்கள். போன குளிர்காலம் வந்து இறங்கிய பிள்ளைகளிடம் அந்தப் பொறுமை எங்களுக்கு இருக்கிறதா? பேஸ்மென்ற் அறையில் நான்கு பேராகத் தங்கி, பகலில் படித்து, இரவில் வேலைக்குப் போகும் இளையோர் இந்தக் கோவிலின் பின் வாங்குகளில் இருக்கிறார்கள். "நாங்களும் இப்படித்தானே வந்தனாங்கள், பட்டுத் தெளியட்டும்" என்று சொல்லிவிட்டு நகரவேண்டாம். அன்று உங்களுக்கு ஒரு தட்டுச் சோறு தந்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். வயதான பின் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த அம்மா அப்பாமாரும் அப்படியே. மொழி தெரியாமல், பேருந்து தெரியாமல், நாள் முழுதும் யன்னலுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தால், வளவில் எங்கே பாத்தி போடுவது என்று உங்களுக்கே சொல்லித் தருவார்கள்.

வரும் திங்கள், செவ்வாய், புதன் பழைய மரபுப்படி மன்றாட்டு நாள்கள். விண்ணேற்றத்துக்கு முன்னான அந்த மூன்று நாள்களையும் 5ஆம் நூற்றாண்டில் வியென் நகர் ஆயர் மமேர்த்துஸ் துயர்மிகுந்த காலத்தில் தொடங்கினார். பின்னர் விளைச்சலுக்கான மன்றாட்டாக அது பல நாடுகளுக்கும் பரவியது. அந்த மூன்று மாலையும் திருப்பலியில் இந்த நகருக்காகவும், எங்கள் ஊர் வயல்களுக்காகவும், இன்னும் திரும்பாத காணிகளுக்காகவும் மன்றாடுவோம்.

அடுத்த ஞாயிறு, உங்கள் பாத்திக்குப் போக மிஞ்சிய கன்றுகளைக் கொண்டுவாருங்கள். பீடத்தின் முன் வைத்து மந்திரித்தபின், மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களும் புதிதாக வந்தவர்களும் எடுத்துச்செல்லலாம். பல்கனியில் ஒரு வாளிக்குள் மிளகாய் நன்றாக வரும், அடியில் துளை போட்டிருந்தால் சரி. கன்றைக் கொடுப்பவர்கள் உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிடுங்கள். இலை சுருண்டால் யாரையாவது கேட்கவேண்டி வரும்.