நோயை உரைத்தலும் கடமையே

காலில் முள் தைத்தால் உடனே வாய்விட்டுச் சொல்கின்றோம். உள்ளத்தில் தைத்ததை மட்டும் பிறர் அறியாவண்ணம் மறைத்து, அதற்குப் பொறுமை என்று பெயரும் சூட்டிவிடுகின்றோம். தன் மனத்துயரைக் கூறி உதவி நாடுவது பொறையுடைமைக்கு இழுக்காகுமா? தனக்கென ஒன்றைக் கேட்பது தன்னலமா? இவ்வினாக்களை என் வாழ்வே என்முன் வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் ஊரில் காலமானார். பெங்களூரிலிருந்து நான் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. பிழைப்பு நாடி வந்தோர் பலர்க்கும் நேர்வதே இது. காரியங்கள் முடித்துத் திரும்பியபின் உறக்கம் அகன்றது. கோப்பில் கூட்டிய தொகை மறுமுறை கூட்டினால் மாறிற்று. பிள்ளைகளிடம் காரணமின்றிச் சீறினேன். என் மனைவி பன்முறை வற்புறுத்திய பின்னரே மருத்துவரிடம் சென்றேன். சென்றும் என்ன பயன்? "தலைவலி" என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பினேன். விடுப்பு விண்ணப்பத்தில் "காய்ச்சல்" என்று எழுதினேன்.

அந்நாளில் ஒருநாள் திருக்குறளைப் புரட்டுகையில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் கண்ணில் பட்டது. மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும் வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைக்கின்றார். மருத்துவனும் மருந்தும் அருகிருந்து உதவுபவனும் அவனுக்குப் பின்னரே. உரை வகுத்த பரிமேலழகரோ, நோயாளிக்கு வேண்டிய பண்புகளுள் தன் நோய்நிலையை உணர்த்தும் வன்மையை ஒன்றாக எண்ணுகின்றார். மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தலை மற்றொன்றாக எண்ணுகின்றார். பொறுமைக்குரிய இடம் எது என்பது அப்போது விளங்கிற்று. பிறர் செய்த பிழையைப் பொறுப்பது அறம். சிகிச்சையின் கடுமையைப் பொறுப்பதும் அறம். நோயை மறைப்பது அறமன்று, அது அச்சமே.

மீண்டும் சென்றேன். இம்முறை தமிழறிந்த ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்று நானே கேட்டேன். கடைவீதிக்குக் கன்னடம் போதும். கோப்புக்கு ஆங்கிலம் போதும். அழுவதற்குத் தாய்மொழி வேண்டுமன்றோ? "அப்பா போகும்போது நான் பக்கத்தில் இல்லை" என்ற ஒரு வரியைச் சொல்ல எனக்கு நான்கு வாரங்கள் ஆயின. சொன்ன அன்றே நோய் தீர்ந்துவிடவில்லை, தீரத் தொடங்கியது. அடுத்த விடுப்பு விண்ணப்பத்தில் உண்மைக் காரணத்தையே எழுதினேன். பிரிவு அலுவலர் ஒன்றும் கூறாது ஒப்பமிட்டார். மாலையில் என்னைத் தனியே அழைத்து, தம் தம்பியை எங்கு அழைத்துச் செல்லலாம் என்று கேட்டார். தனக்கெனக் கேட்பது தன்னலம் அன்று, பிறர்க்கும் அது வாயில் திறக்கும் என்பதை அன்று உணர்ந்தேன்.

பேச இயலாதோர் நிலையை எண்ணிப் பாருங்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். பேச வல்லவர்கள் நாணி வாய்மூடி இருக்கும்வரை, பேச இயலாதோரின் சங்கிலியும் நம் கண்ணுக்குத் தெரியாது.

இன்று சட்டமும் துணை நிற்கின்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை அது தருகின்றது. நோயின் தன்மையையும் சிகிச்சையையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. நாம் வாழும் இந்நகரில் 1954-இல் தோன்றிய அனைத்திந்திய மனநல நிறுவனம், 1974-இல் மாநில மனநல மருத்துவமனையோடு இணைந்து 'நிம்ஹான்ஸ்' ஆயிற்று. 2022-இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி உதவிக்கும் அதுவே தலைமை நிலையம். அவ்வெண்ணில் தமிழிலும் பேசலாம்.

"நலம், நலமறிய ஆவல்" என்று ஊருக்கு மடல் எழுதிப் பழகிய கைகள் நம்முடையவை. நலமில்லாத நாளில் "நலமில்லை" என்று எழுதவும் அக்கைகள் பழகட்டும். நம்மைக் கண்டு நம் பிள்ளைகளும் பழகுவர்.