ஒரு சொட்டும் குடிக்கவில்லை!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் வேலை பார்க்கும் வடக்கனந்தல் பிள்ளை ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டிருந்தார்: "ஹஜ்ரத், இங்கே நாபா பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சைத் தோட்டங்கள். இலையுதிர் காலத்தில் அறுவடை நடக்கும். அப்போது ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்க்க அலுவலகத்தார் ஒருநாள் பயணம் ஏற்பாடு செய்வார்கள். சென்ற வருடம் நானும் போனேன். ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இது குற்றமா?"

திராட்சை ஹராமல்ல. பேரீச்சையையும் திராட்சையையும் சிந்திப்போருக்கு அத்தாட்சியாகவே அல்லாஹுதஆலா திருமறையில் (16:67) காட்டுகிறான். தோட்டத்தின் அழகைக் காண்பது குற்றமாகாது. ஆனால் அந்தப் பயணம் தோட்டத்தோடு முடிவதில்லை. ஆலைக்கு ஆலை கோப்பைகளை வரிசையாக வைத்துச் சுவை பார்க்கக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். மது பரிமாறப்படும் விரிப்பில் முஃமின் அமரலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். குடிகாரர்களோடு பிடிபட்ட ஒருவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டபோதும், கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அவரைத் தண்டனைக்கு உட்படுத்தினார்கள் என்று தஃப்ஸீர்களில் காண்கிறோம். உதடு நனையாததால் மட்டும் ஒருவர் விலகி நின்றவராகி விடமாட்டார்.

எனவே அந்தச் சகோதரருக்கு நாம் எழுதிய பதில் இது: "நடந்ததற்குத் தவ்பா செய்யுங்கள். இனி, 'எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை' என்று மரியாதையாகச் சொல்லி ஒதுங்கிக் கொள்ளுங்கள். மறைத்துச் சொல்லும் சாக்கைவிட வெளிப்படையான ஒரு வார்த்தை உங்கள் மதிப்பை உயர்த்தும்."

பதிலைத் தபாலில் சேர்த்துவிட்டு வரும் வழியில், கோமுகி அணைக்கு அப்பால் கல்வராயன் மலை தெரிந்தது. அப்போதுதான் நம் மனம் நம்மையே கேட்டது: கடல் கடந்திருப்பவருக்கு எழுதினாய், காலடியில் இருப்பதற்கு என்ன எழுதினாய்?

அந்த மலை ஓடைகளின் ஓரத்தில் சாராய ஊறல் போடப்படுவதும், போலீசார் பேரல் பேரலாகக் கொட்டி அழிப்பதும் நாம் அறியாததல்ல. ஊறலுக்கு வேண்டியது வெல்லமும் மரப்பட்டையும். வெல்லம் மலையில் விளைவதில்லை. கீழேயிருந்துதான் மூட்டை மூட்டையாக ஏறுகிறது. விற்பவர் சொல்வார்: "நான் விற்றது வெல்லம். அவன் பாயசம் வைத்தானோ, ஊறல் போட்டானோ, எனக்கென்ன?"

இந்தக் கேள்வி இமாம்களுக்குப் புதிதல்ல. மது வடிப்பவருக்குத் திராட்சை ரசம் விற்பதை, பாவம் வாங்கியவரின் செயலில்தான் இருக்கிறது என்று கண்டு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) இருவரும் அதை வெறுத்தார்கள். ஷாஃபியீ மத்ஹபிலோ, மதுவுக்குத்தான் என்று தெரிந்து விற்பது ஹராம். சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ். சட்டத்தில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொள்வதைப் பேணுதல் என்று எவரும் சொல்லவில்லை. மதுவின் விஷயத்தில் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் எனப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக ஹதீஸ் உண்டு. அவர்களில் குடிப்பவர் ஒருவர்தான்!

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை மறக்க முடியுமா? மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்பார்வையைக் கெடுத்து, உயிரையும் குடிக்கும். அந்த விஷம் குடித்தவர் கைக்கு வருமுன் எத்தனை கைகளைக் கடந்திருக்கும்! அவர்களில் எத்தனை பேர் "நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை" என்று நிம்மதியாக உறங்கியிருப்பார்கள்!

நம் வீட்டுக் கல்லாவில் விழும் காசு எங்கிருந்து வருகிறது, எதற்கு உதவிவிட்டு வருகிறது என்று ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும். பாவத்தைச் செய்வதிலிருந்து மட்டுமல்ல, அதற்குத் துணை நிற்பதிலிருந்தும் வல்ல நாயன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.